ஜமுனாவின் எண்ணெயும் என் அவரைப் பந்தலும்

அழைப்பு வந்தது ஜமுனாவுக்கு. நான் கூடப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னைத் திருத்த வேண்டாம்.

ஜமுனா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி கஜேந்திரனின் மனைவி. ஆரணி டவுனில் இருக்கிறாள். கஜேந்திரன் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே மூலையில் கிடந்த பழைய செப்பு அண்டாவுக்கு மூடி போட்டு, குழாய் வைத்து, எலுமிச்சம்புல்லை வேகவைத்து எண்ணெய் எடுக்கப் பழகிக்கொண்டாள் இவள். அந்த எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி மாடித் தோட்டத்துச் செடிகளுக்கு அடித்தாள். அசுவினி செத்து விழுந்தது. அதைப் போனில் படம் எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான், எங்கே போனாலும் ஜமுனா, ஜமுனா.

அசுவினி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்திலும் இலைக்கு அடியிலும் பேன் மாதிரி அப்பிக்கொண்டு சாறு குடிக்கும் பூச்சி. இலை சுருண்டுபோகும், பூ உதிரும், செடியெல்லாம் பிசுபிசுவென்று ஆகும், அந்த இனிப்புக்கு எறும்பு வரிசை கட்டும். அவரை போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சனியன் கிடையாது.

நான் அவரை போடுகிறவள். ஆரணியிலிருந்து வந்தவாசி போகிற சாலையோரத்தில் மாமனார் விட்டுப்போன நிலம். பெயர் அண்ணன் தம்பி இரண்டு பேருடையது, முதுகு ஒடிவது என்னுடையது. போன வருடம் பந்தல் முழுக்க அசுவினி ஏறியது. கடை மருந்து அடித்தேன், மறுபடி வந்தது, மறுபடி அடித்தேன். காய் எடுக்க வந்தவர் மூட்டையை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஏழுமலை செய்யாறு தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவருடைய காண்ட்ராக்டருக்கு வண்டிகளை நிறுத்திவைக்கச் சாலையோரமாக இடம் தேவை. "இந்த வருசமும் பந்தல் போச்சுன்னா மண்ணக் கொட்டி மேடாக்கி அவருகிட்ட குடுத்துடலாம்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கஜேந்திரனும் தலையாட்டினான். என்னை யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் பூ விடும் நேரம், ஓரத்துச் செடிகளில் அசுவினி தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் இலங்கையிலிருந்து ஜமுனாவுக்கு அழைப்பு. அங்கே தெற்கே ஒரு பெண்கள் சங்கம் பட்டை இலையில் எண்ணெய் எடுக்கிறது. பட்டை என்றால் நாம் பிரியாணியில் போடுகிற பட்டை, அவர்கள் கறுவா என்கிறார்கள். ஜமுனாவின் மருந்தைச் செய்து காட்டச் சொன்னார்கள். கூட ஒருவர் வரலாம். அவளோடு போக இருந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. என்னிடம் இருந்தது. ஒரு காலத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்காக எடுத்தது, போகாமல் பெட்டிக்குள் கிடந்தது.

"நீங்க வாங்கக்கா. எனக்கு வயலு தெரியாது. எவளாச்சும் எதுனா கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள் ஜமுனா.

வயல் தெரியாதவளை வயலுக்கு வைத்தியம் சொல்லக் கூப்பிடுகிறார்கள். தெரிந்தவள் துணைக்குப் போகிறாள். என் வயிறு அன்றைக்கே எரிய ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் போனேன். ஏதாவது ஒன்று கற்றுக்கொண்டு வந்து பந்தலைக் காப்பாற்றிவிட மாட்டோமா என்ற ஆசைதான்.

விமானத்தில் எனக்கு ஜன்னல் சீட்டு. அதுவும் அவள் விட்டுக்கொடுத்தது. மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பன்னும் காபியும் கொடுத்தார்கள், அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொன்னார்கள். ஆரணியிலிருந்து சென்னை போய்ச் சேருவதற்கு இதைவிட அதிக நேரம் ஆகிறது.

கொழும்பில் இறங்கியதும் முதல் அவமானம். என் பந்தலில் இருந்து அசுவினி அப்பிய ஒரு கொழுந்தை ஒடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். எந்த வகை அசுவினி என்று அங்கே யாராவது தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதிகாரி கவரைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே அசுவினி உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்தால் நான் பாம்பைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று தோன்றும். இலை, செடி, பூச்சி எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று பாதித் தமிழில் விளக்கினார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து ஜமுனாவின் பை. எண்ணெய்ப் புட்டிகள், பட்டறையிலிருந்து ஒரு டப்பா நிறைய வெள்ளைப் பொடி. இவள் மாட்டினாள் என்று நினைத்தேன். அவள் புட்டிக்குரிய தாள்களை நீட்டினாள், மூடியைத் திறந்து அதிகாரியிடம் மோந்து பார்க்கச் சொன்னாள். அவர் மோந்தார், பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டு மோக்கச் சொன்னார். பொடி என்ன என்றதற்குச் சோப்பு என்றாள். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். உயிருள்ள பூச்சியைக் கொண்டுபோனவள் நான், கொல்கிற மருந்தைக் கொண்டுபோனவள் அவள், இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்ல, ஜமுனா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் தெற்கே போனோம். கண்ணாடிக்கு மேலே புத்தர் படம், சுற்றிலும் கலர் லைட்டு, காதைக் கிழிக்கும் பாட்டு. பஸ் டிரைவரின் மனைவி என்பதால் நான் எந்த ஊர் பஸ்ஸில் ஏறினாலும் டிரைவரின் காலைத்தான் பார்ப்பேன். இந்த ஆளுக்குப் பிரேக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னை, நடுவில் இவன். எங்கள் வந்தவாசி தனியார் பஸ்காரர்கள் இவனிடம் வந்து பாடம் கேட்கலாம்.

வழியில் சாப்பாட்டுக்கு நின்றது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல். அரிசி தடியாக இருந்தது. களம்பூர்ச் சன்ன அரிசி தின்று வளர்ந்த வாய்க்கு அது இறங்க நேரம் பிடித்தது. ஆனால் பலாக்காயை இறைச்சி மாதிரி சமைத்திருந்தார்கள், மறுபடி கேட்டு வாங்கினேன். பால் இல்லாத தேநீரும் கையில் ஒரு துண்டு வெல்லமும் தருகிறார்கள். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். இது நல்ல வழக்கம். வீட்டில் இப்போது நான் அப்படித்தான் குடிக்கிறேன்.

ஜமுனா பக்கத்து சீட்டுக் கிழவியோடு பேசிக்கொண்டே வந்தாள். அந்தம்மாவுக்குச் சிங்களம், இவளுக்குத் தமிழ். இருந்தும் விடாமல் பேசினார்கள். பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. இறங்கிய இடத்தில் ஒரு பெட்டிக்கடைகூட இல்லை, மழை வேறு. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

"பேசிகினே வந்தியே, ஊரு பேரக் கேட்டியா?" என்றேன்.

"அந்தம்மா பேரன் போட்டோ காட்டிச்சிக்கா."

"பேரன் வந்து இந்தப் பையத் தூக்குவானா?"

அவள் பேசாமல் என் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டாள். அதுவும் எனக்குக் கோபம்தான். சண்டைக்கு நிற்காதவளோடு எப்படிச் சண்டை போடுவது?

கறுவா இலைக் கட்டுகளை ஏற்றிய ஒரு சின்ன லாரிக்காரர் நிறுத்தி எங்களை மேலே ஏற்றிக்கொண்டார். ஈர இலைக் கட்டின்மேல் உட்கார்ந்து போனேன். இலை நசுங்க நசுங்க வாசனை எழும்பியது, கிராம்பையும் பட்டையையும் சேர்த்து இடித்த மாதிரி. மழை முகத்தில் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஜமுனா என்னைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சங்கத்துக்குத் தலைவி குசுமா. கெட்டியான உடம்பு, கொஞ்சமாகப் பேசுவாள். வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் காய்ச்சும் கொட்டகை, அதை ஒட்டிக் காய்கறித் தோட்டம். மொழிபெயர்க்க நசீரா என்ற பெண் வந்திருந்தாள், அந்த ஊர் முஸ்லிம் குடும்பம், வீட்டில் தமிழ்தான். சிங்களத்திலும் அக்காவுக்கு அக்கா என்றே சொல்கிறார்கள், தங்கைக்கு நங்கி. அன்று மாலைக்குள் நான் ஊருக்கே அக்கா, ஜமுனா ஊருக்கே நங்கி. பெயரைக் கேட்டது ஜமுனாவிடம் மட்டும்.

அன்றிரவு வீட்டுக்காரர் போன் செய்தார். பந்தலின் நடுவரைக்கும் ஏறிவிட்டதாம், கொழுந்தெல்லாம் சுருண்டதாம். "நாளைக்கி சாயந்தரம் கஜா பட்டறையில கலக்கி எட்த்துகினு வர்றான். ஜமுனா எண்ணெய அடிச்சிப் பாத்துடறோம். அதுக்கும் அடங்கலன்னா காண்ட்ராக்டர வந்து எடத்தப் பாக்கச் சொல்லிடறேன்" என்றார். ஒரு வருடமாக நான் கெஞ்சியும் வயல் பக்கம் வராதவர், அவள் எண்ணெய் என்றதும் மருந்தடிக்கும் டேங்கைத் தூக்க ஆள் பார்க்கிறார்.

மறுநாள் காலை ஜமுனா செய்து காட்டினாள். குசுமாவின் தோட்டத்தில் நான்கைந்து பாத்தி பீன்ஸ், அதில் இரண்டை அடிக்கக் காட்டினார்கள். போஞ்சி என்கிறார்கள். கொழுந்தில் அசுவினி கறுப்பாக அப்பியிருந்தது. சங்கத்துப் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். எண்ணெய் தண்ணீரோடு சேராது, சேர்த்துப் பிடிக்கச் சோப்பு வேண்டும். ஆரணியில் ஜமுனா என்ன செய்வாள் என்றால், பட்டு நூலை அவித்து எடுத்தபிறகு தொட்டியில் மிஞ்சுகிற நீர்த்த சோப்புத் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு, அதை ஒரு வாளி தண்ணீரில் விட்டு, எண்ணெய் கலப்பாள். இங்கே பட்டு ஏது, தொட்டி ஏது? அதனால் பட்டறை டப்பாவிலிருந்த பொடியைச் சுடுநீரில் கரைத்தாள், வீட்டில் வருகிற அளவுக்கு நுரை வரும்வரை. எண்ணெய் விட்டாள். பால் மாதிரி வெளுத்தது. பெண்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இலைக்கு அடியில் அடிக்க வேண்டும், மேலே அடித்தால் அசுவினிக்குக் குடை பிடித்த மாதிரிதான் என்று சொன்னேன். நசீரா அதை மொழிபெயர்த்தாள். கேட்ட பெண்கள் எல்லாரும் ஜமுனாவைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அடித்த கொஞ்ச நேரத்தில் அசுவினி பிடியை விட்டு உதிர்ந்தது. விரலால் தட்டினால் மிளகு கொட்டுகிற மாதிரி கொட்டியது. கைதட்டினார்கள். ஒருத்தி ஓடிப்போய் செவ்விளநீர் சீவிக் கொண்டுவந்தாள். ஒன்றுதான், ஜமுனாவுக்கு. அவள் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். தாகமாகத்தான் இருந்தது.

வாளியைக் கழுவியதும் நான்தான். அன்று முழுக்க விரல் நுனி எரிந்துகொண்டிருந்தது. மதியம் சம்பல் பிசைந்த காரம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை தேநீருக்குக் குசுமா வரவில்லை. நசீரா மட்டும் வந்து தோட்டத்துக்கு வரச் சொன்னாள். போய்ப் பார்த்தோம். அடித்த இரண்டு பாத்தியும் கருகிப் போயிருந்தன. இலை ஓரமெல்லாம் நெருப்பு காட்டிய மாதிரி பழுப்பு, கொழுந்து கறுத்துத் தொங்கியது. குசுமா வரப்பில் குந்தியிருந்தாள். அவள் புருஷன் கொட்டகை வாசலில் நின்றபடி ஏதோ சொன்னார், இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். நசீரா தயங்கினாள்.

"பரவாயில்ல, சொல்லு" என்றேன்.

"இந்தியாவில இருந்து பூச்சியைக் கொல்ல வந்தவங்க, செடியையும் சேத்துக் கொன்னுட்டாங்க எண்டு சொல்றார்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஜமுனாவின் முகம் செத்துப் போயிருந்தது, அதைப் பார்க்க எனக்கு அந்த இளநீரைக் குடித்த மாதிரி இருந்தது. இதை ஊரில் போய் யார் யாரிடம் எப்படிச் சொல்லலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் ஊர் என்றதும் பந்தல் ஞாபகம் வந்தது. நாளைக்குச் சாயந்தரம் என்று என் வீட்டுக்காரர் போனில் சொன்னது நேற்றைய சாயந்தரம். கஜேந்திரன் அடித்திருப்பானா? அங்கே தொட்டித் தண்ணீரில் கலந்தானா, பொடியைப் புதிதாகக் கரைத்தானா?

என் விரலைப் பார்த்தேன். நுனியில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. இந்த உரிசல் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பட்டறையில் நூல் அவிக்க நின்ற நாட்களில் கை இப்படித்தான் ஆகும்.

"அந்த டப்பாவுல இன்னாடி இருக்குது?" என்றேன்.

"சோப்புதான்க்கா. பட்டறையில கலந்து வெச்சிருந்தது."

"கலந்துன்னா? சோடாவுமா?"

அவள் தலையாட்டினாள். பட்டு நூலில் இருக்கும் பசை போக வேண்டுமென்றால் சோப்பும் சலவை சோடாவும் சேர்த்து அவிக்க வேண்டும். ஆரணியில் எந்தப் பட்டறையிலும் இரண்டையும் முன்கூட்டியே கலந்துதான் வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு அள்ளிப் போட வசதியாக. நூல் அவித்து மிஞ்சிய தண்ணீரில் வேகம் குறைந்திருக்கும், அதிலும் ஒரு சொம்பு ஒரு வாளிக்கு. அதனால் மாடித் தோட்டம் தப்பித்தது. புதுப் பொடியை அப்படியே கரைத்தால் இலை தாங்குமா? பட்டறைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது.

"போன எடு" என்று கத்தினேன். என் போனிலிருந்து வீட்டுக்காரருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காலை ஷிப்டு, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி அடித்தேன். இல்லை. ஜமுனா அவளுடைய போனிலிருந்து அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

அதை நான் இன்னும் மறக்கவில்லை. வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு டீக்கடையில் இருந்தாராம்.

ஜமுனா சொல்லச் சொல்ல "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். கஜேந்திரன் முந்தின நாள் சாயந்தரம் வந்து, புதுப் பொடியில்தான் கலக்கி, சாலைப் பக்க மூலையில் அடித்திருக்கிறான். இருட்டிவிட்டதால் மீதியை இன்றைக்கு என்று விட்டிருக்கிறான். மூலை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றார். மீதியைத் தொடாதீர்கள் என்று ஜமுனா சொன்னாள். நான் பின்னாலிருந்து அதையே கத்தினேன். "அவ எதுக்குக் கத்துறா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

போனை வைத்துவிட்டு ஜமுனா குசுமாவிடம் போனாள். வரப்பில் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். தப்பு தன்னுடையது, எண்ணெயுடையது இல்லை, சோடா கலந்த சோப்பைக் கொண்டுவந்துவிட்டேன், யாரும் இந்தத் தப்பைச் செய்யாதபடி எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்கிறேன் என்றாள். சோடாவைக் கண்டுபிடித்தது அக்கா என்றும் சொன்னாள். நசீரா அதை மொழிபெயர்த்தாளோ இல்லையோ, யாரும் என் பக்கம் திரும்பவில்லை.  குசுமா எழுந்து, எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தேங்காயெண்ணெயில் செய்த குளியல் சோப்பு ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். சோறும் போட்டாள். கருவாட்டுக் குழம்பு. பெரிய துண்டு ஜமுனாவின் தட்டில் விழுந்தது.

அன்று முழுக்க மழை விட்டு விட்டுப் பெய்தது. அந்தச் சோப்பைக் கரைத்துக் கலக்கி, அடிக்காத பாத்தி ஒன்றில் முதலில் நான்கைந்து இலைக்கு மட்டும் அடித்துப் பார்த்தோம். எண்ணெயை எவ்வளவு குறைக்கலாம் என்று நான் சொன்னேன், அவள் கலக்கினாள். குசுமா தன்னுடைய கறுவா இலை எண்ணெயிலும் ஒரு துளி விட்டுப் பார்க்கச் சொன்னாள், அது எலுமிச்சம்புல் எண்ணெயைவிடக் காரம், சற்றுக் கூடினாலும் இலை சுட்டுவிடும் என்று எச்சரித்தாள். சாயந்தரம் மழை விட்டதும் அடித்தோம். பொறிவண்டு இருந்த செடிகளை விட்டுவிடச் சொன்னேன், அது அசுவினியைத் தின்கிற பூச்சி, எண்ணெய்க்கு நல்லது கெட்டது தெரியாது. மறுநாள் காலை இலை பச்சையாகவே இருந்தது. அசுவினி உதிர்ந்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் ஜமுனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவி அவள் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னாள். நசீரா சொன்னாள்: "எத்தனையோ பேர் வந்து கத்துக்குடுத்துப் போனாங்களாம். தான் செஞ்சது பிழை எண்டு சொன்ன முதல் ஆள் இந்த நங்கிதானாம்."

ஜெயித்தபோதும் அவளுக்குத்தான் பேர், தோற்றபோதும் அவளுக்குத்தான் பேர். எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கிளம்பும்போது குசுமா ஒரு புட்டி கறுவா எண்ணெயை ஜமுனா கையில் கொடுத்தாள். என் கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் அந்தக் குளியல் சோப்பு, ஆறு கட்டி. வாளியைக் கழுவியதைப் பார்த்திருப்பாள் போல.

ஆரணி வந்து சேர்ந்ததும் வீட்டுக்குப் போகவில்லை, நேராக வயலுக்குப் போனேன். சாலைப் பக்க மூலை கருகிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் அசுவினி, கொழுந்து சுருட்டை சுருட்டையாக, எறும்பு கொடிமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பந்தல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முதல் நாள் சாயந்தரம் ஜமுனாவின் எண்ணெயைக் குசுமாவின் சோப்பில் கலக்கி ஐந்தாறு இலைக்கு மட்டும் அடித்து, ஒரு ராத்திரி பொறுத்தேன். இலை தாங்கியது. அப்புறம் ஒவ்வொரு சாயந்தரமும் ஒரு பக்கம். அவரைப் பந்தலுக்குக் கீழே குனிந்து, முகத்தை மேலே தூக்கி, இலைக்கு அடியில் படும்படி அடிக்க வேண்டும். அடிக்கிற மருந்தில் பாதி நம் கண்ணிலும் வாயிலும்தான் விழும். மிகவும் சுருண்ட கொழுந்தைக் கிள்ளி எடுத்துப் புதைத்தேன், உள்ளே இருக்கிற பூச்சிக்கு எந்த மருந்தும் எட்டாது.

இந்த எண்ணெயைப் பற்றி உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மேலே பட்ட பூச்சி சாகும், படாதது சாகாது. வாசனை போனதும் அதன் வேலையும் முடிந்தது, பக்கத்து வயலிலிருந்து மறுபடி வரும், மறுபடி அடிக்க வேண்டும். கடை மருந்து மாதிரி அடித்துவிட்டுப் படுத்துக்கொள்ள முடியாது. போனில் ஜமுனா காட்டுகிற படத்தில் இந்த முதுகுவலி எல்லாம் வராது.

புதுக் கொழுந்து நேராக வந்தது. பூ நின்றது. காண்ட்ராக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து சாலையில் நின்றபடியே இடத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் போய் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பந்தலுக்குக் கீழே இருந்தேன், வெளியே வரவில்லை, இலைக்கு நடுவில் இரண்டு பேரின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வருசம் இல்லீங்க. வேற எடம் பாத்துக்குங்க" என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்புறம் சொன்னார்: "எங்க தம்பி பொண்டாட்டி ஒரு எண்ணெ கண்டுபுடிச்சிருக்குது. அதான் பந்தலக் காப்பாத்திச்சி."

பந்தலுக்குக் கீழே நான் கையிலிருந்த கொழுந்தை நசுக்கினேன். அதில் அசுவினி இல்லை, நல்ல கொழுந்து.

போன வாரம் மறுபடி அடிக்க வேண்டிய முறை வந்தது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் தானாகவே டேங்கைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு வந்தார், கல்யாணமான நாளிலிருந்து முதல் முறை. நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன், அவர் காலுக்குப் பக்கத்தில். சோப்பு, எண்ணெய்ப் புட்டி, வாளி எல்லாம் என் முன்னால். அவர் போனை எடுத்து ஜமுனாவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜமுனா, ஒரு டேங்குக்கு எண்ணெ எவ்ளோ ஊத்தணும்? சோப்பு எவ்ளோ கரைக்கணும்?"

பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வந்தது. "எனக்கு எப்டி மாமா தெரியும்? நான் கருக்கினதுதான் ஊருக்கே தெரியும். அக்கா பக்கத்துல இருப்பாங்களே, அவங்களக் கேளுங்க."

அவர் போனைப் பையில் போட்டார். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ?" என்றார்.

நான் காது கேளாதவள் மாதிரி பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டேங்கைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் குந்தி, மறுபடி கேட்டார். அப்புறம்தான் சொன்னேன், சோப்பை நானே கரைத்தும் கொடுத்தேன்.

அந்தப் பொழுதுக்காக இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் அவள் வாயால்தான் எனக்குக் கிடைக்க வேண்டியிருந்தது. பந்தல் நிறையப் பூத்திருக்கிறது. எனக்கு இன்னும் எரிகிறது.